உஷார்! பச்சை டிக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே ஆரம்பித்துவிடும். கூட்டணிக் கணக்கு, சாதிக் கணக்கு, பூத் கணக்கு எல்லாவற்றுக்கும் நடுவே வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை வந்து விழும். இடப்பக்கம் கட்சிகளின் பெயர். மேலே பிரச்சினைகள்: பயிர்க்கடன், நீட், மதுக்கடை, பழைய ஓய்வூதியம். கடைசிக் கட்டத்தில், இடம் மிச்சமிருந்ததே என்று சேர்த்ததுபோல, ‘எல்ஜிபிடி உரிமை’. ஒரு கட்சிக்குப் பச்சை டிக், இன்னொன்றுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. பார்த்த கையோடு நாலு குழுவுக்குத் தள்ளிவிட்டு, ‘நமக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு’ என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

உஷார்! தன்பாலீர்ப்பாளர்களான லெஸ்பியன், கே மக்களின் உரிமை விஷயத்தில் அந்த ஒற்றை டிக்கைப்போல ஏமாற்றுவது வேறெதுவும் இல்லை. வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் உண்டு, தெரியாமல் ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஓட்டுப் போட்டுவிட்டு ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கப்போவது நாம்தான்.

முதல் ஏமாற்று மிகச் சுலபமானது. திருநங்கையர் நலனைக் காட்டி, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கும் சேர்த்து டிக் வாங்கிக்கொள்வது. திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தம்மை ஆணாக, பெண்ணாக, வேறாக உணரும் அடையாளம் பற்றியது. லெஸ்பியன், கே என்பது யார்மீது காதல் வருகிறது என்பது பற்றியது. இரு தரப்பும் ஒரே கொடிக்குக் கீழே ஊர்வலம் போகிறார்கள், பட்ட அவமானங்களிலும் ஒற்றுமை உண்டு. ஆனால் சட்டத்தில் அவர்களுக்குத் தேவையானவை வேறு வேறு. அடையாள அட்டை, நல வாரியம், தொகுப்பு வீடு, இட ஒதுக்கீடு என்பது ஒரு பட்டியல். துணைவருக்குக் குடும்ப உறுப்பினர் என்ற தகுதி, மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் உரிமை, வாரிசுரிமை, வீட்டார் அடித்து இழுத்துப்போகாமல் பாதுகாப்பு என்பது இன்னொரு பட்டியல்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏனென்றால் முதல் பட்டியலில் நம் மாநிலம் நிஜமாகவே முன்னோடி. 2008 ஏப்ரல் 15-ல் திருநங்கையர் நல வாரியம் இங்கே அமைந்தது. தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தின் ஓர் அவையில் நிறைவேறுவதே மிக அபூர்வம். 2025 ஜூலை 31-ல் மாநிலத் திருநர் கொள்கை வெளியானது. இவையெல்லாம் பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களுக்கோ இரண்டு ஆண்களுக்கோ இவற்றால் என்ன கிடைத்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். மாநிலக் கட்சிகளின் பழைய தேர்தல் அறிக்கைகளைப் புரட்டுங்கள். திருநங்கையருக்கு ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு வரி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மத்தியிலும் இதே கதைதான். பா.ஜ.க.வின் 2024 தேர்தல் அறிக்கையில் திருநருக்கான கரிமா கிருஹ தங்குமிடங்களை விரிவாக்குவோம், ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சேர்ப்போம் என்று இருந்தது. ஒருபால் இணையர்கள் பற்றி ஒன்றும் இல்லை. அட்டவணை போடுகிறவர் அவசரத்தில் இருந்தால் அதற்கும் ஒரு டிக் விழும். ஆகவே, ‘எங்க இயக்கம் திருநங்கைகளை மதிக்கிற இயக்கம்’ என்று மேடையில் யாராவது முழங்கினால் கைதட்டுங்கள். கைதட்டி முடித்ததும், ‘அது சரிங்க, ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து வாழ்ந்தா உங்க நிலைப்பாடு என்ன?’ என்று இரண்டாவது கேள்வியைப் போடுங்கள். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

அடுத்தது தேர்தல் அறிக்கை. கலர் டிவி கொடுப்பதாகச் சொன்னதை எதிர்த்துச் சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கு நினைவிருக்கிறதா? 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னது. அறிக்கையில் வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அதன்பின் தேர்தல் ஆணையம் சில நெறிமுறைகளைச் சேர்த்தது, அவ்வளவுதான். அறிக்கையில் சொன்னதைச் செய்யவில்லை என்று கோர்ட்டுக்குப் போய் யாரும் ஜெயித்துவிட முடியாது. டிவிக்கே இந்த நிலை என்றால் உரிமைக்கு என்ன நிலை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் அறிக்கையைப் படிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள், அதற்கு முன்னால் வரும் நிபந்தனையைப் பாருங்கள். காங்கிரஸின் 2024 அறிக்கையை எடுத்துக்கொள்வோம். விரிவான கலந்தாலோசனைக்குப் பிறகு, எல்ஜிபிடி இணையர்களின் சிவில் யூனியனை அங்கீகரிக்கும் சட்டம் கொண்டுவருவோம் என்கிறது. ஒரு தேசியக் கட்சி இதைச் சொன்னதே பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ‘விரிவான கலந்தாலோசனை’ யாரோடு, எத்தனை மாதம், முடிந்ததா இல்லையா என்று யார் சொல்வது? அந்த ஒரு சொற்றொடருக்குள் ஐந்தாண்டு ஆட்சிக்காலத்தையே சுருட்டி வைத்துவிடலாம். இன்னொன்று, சிவில் யூனியன் என்பது திருமணம் இல்லை. அதில் ஓய்வூதியம் உண்டா, தத்தெடுப்பு உண்டா, வாரிசுரிமை உண்டா என்பதெல்லாம் சட்டம் எழுதும்போதுதான் தெரியும். அதே அறிக்கை அரசியலமைப்பின் 15, 16-ஆவது பிரிவுகளில் பாலியல் ஈர்ப்பையும் சேர்ப்போம் என்கிறது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அத்தனை எம்.பி.க்கள் எங்கிருந்து வருவார்கள்?

மார்க்சிஸ்ட் கட்சியின் அறிக்கை இதைவிடத் தெளிவு. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை ஒட்டி ஒருபால் இணையர்களுக்குச் சட்டம், துணைவரைச் சார்ந்தவராகக் காட்டும் உரிமை, வாரிசுரிமை, பிரிந்தால் ஜீவனாம்சம் என்று இனம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். எழுத்துக்கு நான் முழு மார்க் போடுவேன். ஆனால் தில்லியில் ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்பு இல்லாத கட்சி தாராளமாக எழுதலாம். அவர்கள் 2016-லிருந்து கேரளத்தை ஆண்டார்களே, அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருபால் இணையர்களுக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு டிக் போடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டும் இடத்துக்கு வருகிறேன். சொல்வது ஒன்று, ஆட்சியில் இருக்கும்போது கோர்ட்டில் சொல்வது வேறொன்று. ஒரு கட்சியின் நிஜ முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கூட்ட மேடையைவிடக் கோர்ட்டுப் பிரமாணப் பத்திரம்தான் உத்தமம். அதில் பூசி மெழுக இடம் குறைவு.

காங்கிரஸையே பாருங்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை எதிர்த்து நாஸ் ஃபவுண்டேஷன் தில்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடியபோது மத்தியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. உள்துறை அமைச்சகம் சட்டம் இருக்க வேண்டும் என்றது. சுகாதார அமைச்சகம் எய்ட்ஸ் தடுப்புக்கு அது இடைஞ்சல் என்றது. ஒரே அரசு, ஒரே வழக்கு, இரண்டு வாய். 2009 ஜூலை 2-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2011-ல் அதே அரசின் சுகாதார அமைச்சர் குலாம் நபி ஆசாத், ஆணும் ஆணும் சேர்வது இயற்கைக்கு விரோதம், வெளிநாட்டிலிருந்து வந்த வியாதி என்கிற மாதிரி பேசி மாட்டிக்கொண்டார். பிறகு, தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் எழுந்து இது ஒழுக்கக்கேடு என்று வாதாட, அன்றைக்கே உள்துறை அது எங்கள் கருத்தல்ல என்று பின்வாங்கியது. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் 377-க்கு மறுபடி உயிர் கொடுத்ததும் சோனியாவும் ராகுலும் ஏமாற்றம் தெரிவித்தார்கள், அரசு சீராய்வு மனு போட்டது. 2014 அறிக்கையில் குற்றப்பட்டியலிலிருந்து நீக்குவோம் என்ற வாக்குறுதி வந்தது. சரி, வளர்ச்சிதான் என்று வைத்துக்கொள்வோம்.

2023-க்கு வாருங்கள். ஒருபால் இணையர்களின் திருமண உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்தில். மத்திய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டது. ஏழு மாநிலங்கள் பதில் போட்டன. எதிர்ப்பைத் தெளிவாகப் பதிவு செய்தவை மூன்று: அஸ்ஸாம், ஆந்திரம், ராஜஸ்தான். ராஜஸ்தானை அப்போது ஆண்டது யார்? அசோக் கெலாட், காங்கிரஸ்! சமூகக் கட்டமைப்பின் சமநிலை கெட்டுவிடும் என்று அவருடைய அரசு சொன்னது. தீர்ப்பு வந்த அன்று கட்சித் தலைமை, படித்துப் பார்த்துவிட்டு விரிவாகச் சொல்கிறோம் என்றது. அப்புறம் ஆறே மாதத்தில் தேர்தல் அறிக்கையில் சிவில் யூனியன். மனம் மாறியிருக்கலாம், மாறட்டும். ஆனால் உங்கள் தொகுதிக் காங்கிரஸ் வேட்பாளரிடம் ‘ராஜஸ்தான் கடிதம் சரியா, 2024 அறிக்கை சரியா?’ என்று கேட்பதற்கு முழு உரிமை உங்களுக்கு உண்டு. கட்சியின் டிக்கை வேட்பாளரின் டிக்காக எண்ணிவிடாதீர்கள்.

பா.ஜ.க. பக்கம் குழப்பம் வேறு விதம். அங்கே தலைவருக்குத் தலைவர் ஸ்வரம் மாறும். 2013 டிசம்பரில் கட்சித் தலைவராக இருந்த ராஜ்நாத் சிங், ஓரினச் சேர்க்கை இயற்கைக்கு மாறானது, 377-ஐ ஆதரிக்கிறோம் என்றார். 2015-ல் அருண் ஜெட்லி, உச்ச நீதிமன்றம் 2013 தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். 2016 மார்ச்சில் ஆர்.எஸ்.எஸ்.ஸின் தத்தாத்ரேய ஹோசபலே, குற்றமாகக் கருத வேண்டியதில்லை என்று தொடங்கி, ஆனால் ஒழுக்கக்கேடு, மனநல சிகிச்சை வேண்டும் என்று முடித்தார். எந்தத் துண்டை வெட்டி எடுக்கிறீர்களோ அதற்கேற்ப டிக்கும் வரும், பெருக்கல் குறியும் வரும்.

இதில் 2023-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் ஒரு பேட்டி கொடுத்தார். இவர்களும் மனிதர்கள், வாழும் உரிமை உள்ளவர்கள், நம் மரபில் எப்போதும் இருந்தவர்கள் என்றார். மகாபாரதத்திலிருந்து ஜராசந்தனின் தளபதிகள் இருவரை உதாரணம் காட்டினார். நாடே ஆச்சரியப்பட்டது, ‘சங்கமே மாறிவிட்டது’ என்று தலையங்கம் எழுதியவர்கள் உண்டு. மார்ச் 12-ல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. கணவன், மனைவி, அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் என்ற இந்தியக் குடும்பக் கருத்தோடு ஒருபால் திருமணம் பொருந்தாது என்றது. அடுத்த மாதம், இது நகரத்து மேட்டுக்குடியினரின் பார்வை என்று இன்னொரு மனுவில் சொன்னது. ஜனவரிப் பேட்டியைப் பார்த்து டிக் போட்டவர் மார்ச்சில் என்ன செய்தார்? பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டார். பழைய அட்டவணை அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

மேட்டுக்குடி என்கிறார்களே, கேட்கவே வயிறு எரிகிறது. குடும்பத்துக்குப் பயந்து ராத்திரி பஸ்ஸில் ஏறிப் பட்டணத்துக்கு வந்து, தையல் கம்பெனியில் வேலைக்குச் சேரும் பெண் எந்த மேட்டில் குடியிருக்கிறாள்?

‘இது கோர்ட்டு விஷயம் தம்பி, கோர்ட்டு பார்த்துக்கும்.’ வேட்பாளர்கள் தப்பிக்கும் அடுத்த சந்து இது. இந்தப் பந்தை அரசியல்வாதிகளும் நீதிமன்றமும் எத்தனை தடவை மாற்றி மாற்றி உதைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம், வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும் என்றது. 2015 டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை. சசி தரூர் 377-ஐத் திருத்தும் தனிநபர் மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்த எழுந்தார். விவாதத்துக்குக்கூட இல்லை, வெறும் அறிமுகத்துக்கு. எதிராக 71, ஆதரவாக 24. ஐந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட அவையில் நூறு பேர்கூட வாக்களிக்கவில்லை! 2016 மார்ச்சில் மறுபடி முயன்றார், 58-க்கு 14. நம் மாநிலத்து எம்.பி.க்கள் முப்பத்தொன்பது பேர் அந்த மதியங்களில் எங்கே இருந்தார்கள் என்று யாராவது கேட்டோமா? நானும் நீங்களும் கேட்கவில்லை.

2018-ல் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது மத்திய அரசு, சம்மதமுள்ள பெரியவர்களின் உறவு குற்றமா என்பதை நீதிமன்றத்தின் ஞானத்துக்கே விட்டுவிடுகிறோம் என்றது. செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2023-ல் திருமண வழக்கு வந்தபோது அதே அரசு, இது நாடாளுமன்றம் முடிவுசெய்ய வேண்டியது, நீதிமன்றம் தலையிடக் கூடாது என்றது. அக்டோபர் 17 தீர்ப்பில், திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐந்து பேரும் சொன்னார்கள். சிவில் யூனியன் உரிமையைக்கூட மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுத்தார்கள். சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி. ஆக, கோர்ட்டுக் கதவு சாத்தியாகிவிட்டது. இனி ‘கோர்ட்டு பார்த்துக்கும்’ என்று சொல்கிற வேட்பாளர், ஒன்று செய்தி படிக்காதவர் அல்லது உங்களைச் செய்தி படிக்காதவர் என்று நினைப்பவர்.

எந்த உரிமை என்று பிரித்துக் கேட்காவிட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பது ஒரு படி, வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு கூடாது என்பது அடுத்த படி, இணையராக ஏற்கிறோம் என்பது அதற்கும் மேல். ‘377-ஐ எடுத்ததை வரவேற்கிறோம்’ என்று முதல் படியில் நின்றுகொண்டு மூன்றாவது படிக்குக் கைதட்டல் வாங்குபவர்கள் நிறைய. சிங்கப்பூரில் 2022 நவம்பர் 29-ல் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கியது. அங்குள்ள நம் சொந்தக்காரர்கள்கூட ஃபோன் செய்து சொன்ன நல்ல சேதி. ஆனால் அதே நாளில் அரசியலமைப்பையும் திருத்தி, ஆண் பெண் திருமணம் என்ற வரையறையைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அட்டவணையில் இதை எந்தக் குறியால் காட்டுவீர்கள்?

நம் ஊரிலும் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 என்ற பிரிவே கிடையாது. ‘முழுசா தூக்கிட்டோம் பார்’ என்று யாராவது மார்தட்டினால், பொறுங்கள். 2018 தீர்ப்பு சம்மதமில்லாத செயல்களுக்கு அந்தப் பிரிவைத் தக்க வைத்திருந்தது. பாலியல் வன்புணர்வுச் சட்டமோ பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் காண்கிறது. இப்போது வயதுவந்த ஓர் ஆணை இன்னோர் ஆண் பலவந்தப்படுத்தினால் நேரடியாகப் போடப் பிரிவு இல்லை. அந்தப் பகுதியை வைத்திருங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தும் கேட்கவில்லை. கே ஆண்களுக்கு இதனால் வந்திருக்கும் ஆபத்து எந்த அட்டவணையிலும் இல்லை.

நம்முடைய அரசியல்வாதிகள்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஒபாமா 1996-ல் சிகாகோவிலிருந்து மாநில செனட்டுக்கு நின்றபோது, ஒருபால் திருமணத்தை ஆதரிக்கிறேன் என்று ஒரு கேள்வித்தாளில் எழுதிக் கொடுத்தார். 2008-ல் ஜனாதிபதித் தேர்தலில், திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேதான் என்றார். 2012 மே மாதம் மறுபடி ஆதரவு. நடுவில் அவர் மறைத்துத்தான் பேசினார் என்று அவருடைய ஆலோசகர் ஆக்சல்ராடே பின்னாளில் புத்தகத்தில் எழுதினார். சின்னத் தேர்தலில் சொன்னதைப் பெரிய தேர்தலில் மாற்றுவது உலக வழக்கம். ஆகவே எந்தப் பேச்சாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள். எட்டு வருஷத்துக்கு முந்தைய வீடியோவை நேற்றுப் பேசியதாகப் போடுவதும், ‘ஆனால்’ என்ற சொல்லுக்கு முன்னால் வெட்டிவிடுவதும் சர்வசாதாரணம். வேட்பாளர் மனுவோடு தரும் படிவம் 26-ல் சொத்து இருக்கும், கடன் இருக்கும், வழக்கு இருக்கும். கொள்கை இருக்காது. அதைத் தோண்டி எடுக்க வேண்டியது நாம்தான்.

சட்டமன்றத் தேர்தலில் இன்னொரு தந்திரம் வரும். ‘கல்யாணச் சட்டமெல்லாம் தில்லி சமாச்சாரங்க, எம்.எல்.ஏ. கையில என்ன இருக்கு?’ இதில் பாதிதான் உண்மை. திருமணமும் வாரிசுரிமையும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன; மாநிலமும் சட்டம் போடலாம், மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் ஜனாதிபதியின் ஒப்புதல் வேண்டும். உத்தராகண்ட் அதைத்தான் செய்தது. பொது சிவில் சட்டம் கொண்டுவந்து, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்றது. ஆனால் அந்த வரையறையிலும் ஆண் பெண் ஜோடிக்குத்தான் இடம். வெளியே தள்ள மாநிலத்தால் முடியும் என்றால் உள்ளே சேர்க்கவும் முடியும்தானே?

அதைவிட முக்கியமானது, ஒரு லெஸ்பியன் பெண்ணின் தினசரி வாழ்க்கையைத் தொடுகிற அதிகாரம் எல்லாம் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன், அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடம், தாலுகா அலுவலகம். 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் இந்தியாவே திரும்பிப் பார்த்த உத்தரவு போட்டார். ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை, போலீஸுக்கும் நீதித்துறைக்கும் பயிற்சி, பாடத்திட்டத்தில் மாற்றம் என்று நீண்டது அது. 2022-ல் தமிழ்நாடு அரசு போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்து, இந்தச் சமூகத்தினரைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்றது. காகிதத்தில் அருமை.

இப்போது 2025 மே 22-க்கு வாருங்கள். வேலூர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆட்கொணர்வு மனு. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரை அவர் வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய துணைவி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். மனுவிலோ ‘நெருங்கிய தோழி’ என்று மட்டும்தான் போட்டிருந்தார்; காதலி என்று எழுத அவ்வளவு தயக்கம். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடம் நேரில் பேசினார்கள். தான் லெஸ்பியன் என்றும், போலீஸே தன்னைப் பெற்றோரோடு போகக் கட்டாயப்படுத்தியதாகவும், வீட்டில் அடித்ததாகவும், ‘சரியாக்க’ ஏதோ சடங்குகள் செய்ததாகவும் அவர் சொன்னார். விருப்பப்படி போகலாம் என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியில்லை என்றது. போலீஸின் நடத்தையைக் கண்டித்தது, இருவருக்கும் தேவைப்பட்டால் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது.

24-சி விதி வந்து மூன்று வருஷம் கழித்து நடந்தது இது. விதியைக் கொண்டுவந்ததற்காக அன்றைய ஆளுங்கட்சிக்கு டிக் போட்ட அட்டவணை, அந்த ஸ்டேஷனில் அந்தப் பெண்ணுக்கு நடந்ததற்கு என்ன குறி போடும்? எதிர்க்கட்சிகள் இதைச் சட்டமன்றத்தில் எழுப்பினவா என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. கோர்ட்டுக்கு வர முடிந்தவர் பிழைத்தார். வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கட்சியும் கணக்கெடுக்கப் போவதில்லை.

கேட்பதற்குச் சின்னச் சின்னக் கேள்விகள் போதும். பெரிய கேள்விக்குப் பெரிய வார்த்தைகளைச் சொல்லி நழுவிவிடுவார்கள். சின்னக் கேள்விக்கு ஆம், இல்லை என்றுதான் சொல்ல முடியும். 2024-ல் மத்திய உணவுத் துறை, ஒருபால் இணையர்களை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஒருவருக்கொருவர் நாமினியாகவும் தடையில்லை என்று நிதித் துறை தெளிவுபடுத்தியது. துணைவர் இறந்தால் உடலைப் பெறுவது பற்றிச் சுகாதாரத் துறை கடிதம் அனுப்பியது. திருமணத்தை எதிர்த்த அதே அரசு செய்தவைதான் இவை. நியாயமாகச் சொல்ல வேண்டுமல்லவா? ஆகவே எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேளுங்கள்: நம்ம ஊர் வட்ட வழங்கல் அலுவலகத்தில் இரண்டு பெண்கள் போய் நின்றால் ஒரே ஸ்மார்ட் கார்டு கிடைக்குமா? அந்த அலுவலருக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருப்பது தெரியுமா? வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணை ஸ்டேஷனில் பெற்றோரிடம் ஒப்படைத்தால் அந்த இன்ஸ்பெக்டர்மீது 24-சி பாயுமா? திருநர் கொள்கையில் இடமில்லாத லெஸ்பியன், கே மக்களுக்கு உங்கள் கட்சியின் கொள்கை எங்கே? எம்.பி. வேட்பாளரிடம்: சிவில் யூனியன் மசோதா வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள்? கட்சிக் கொறடா எதிர்க்கச் சொன்னால்?

‘என் தனிப்பட்ட கருத்து வேற, கட்சி நிலைப்பாடு வேற’ என்று பதில் வந்தால், அவருடைய தனிப்பட்ட கருத்தால் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. அவையில் விழுவது கட்சியின் ஓட்டு. ‘நாங்க யாருக்கும் எதிரி இல்லீங்க’ என்று சொன்னால் அது பதிலே இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது தன்பாலீர்ப்பாளர்களுக்கே. தேர்தல் நேரத்தில், ‘உங்கள் கோரிக்கையை வேட்பாளரிடம் சேர்க்கிறோம்’ என்று யாராவது ஆன்லைன் படிவம் அனுப்பினால், பெயர், ஃபோன் நம்பர், ஊர், ஈர்ப்பு என்று நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். யார் கைக்குப் போகிறது என்று தெரியாத பட்டியலில் உங்கள் பெயர் வேண்டாம். கூட்டத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்கும்போதும் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதுகாப்பு எந்த வேட்பாளரின் பதிலைவிடவும் பெரிது.

மற்றவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. அம்மாக்கள், அண்ணன்கள், வாத்தியார்கள், வக்கீல்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கலாம். கேட்டால் யாரும் உங்களை வீட்டைவிட்டுத் துரத்தப்போவதில்லை. அடுத்த முறை பிரசார வேன் உங்கள் தெருமுனையில் நிற்கும்போது, குடிநீர், சாக்கடையோடு இந்த ரேஷன் கார்டுக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். அதுவரை அந்த அட்டவணையை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.